காரைக்குடி வெயிலில் ஒரு கிரெஸ்டட் கெக்கோ: சாப்பிடாத குட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

உயிர்: கிரெஸ்டட் கெக்கோ (வெளிநாட்டுப் பல்லி இனம்), குட்டி. வயது சுமார் ஐந்து மாதம் (விற்றவர் சொன்ன கணக்கு).
எடை: 8.4 கிராம்.
வந்த காலம்: ஏப்ரல் கடைசி.
புகார்: வாங்கி வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது, எதையும் தொடவில்லை.

செட்டிநாட்டுப் பக்கம் கால்நடை மருத்துவம் என்றால் கறவை மாடு, ஆடு, நாட்டுக்கோழி, பிறகு நாய். சில ஆண்டுகளாகத்தான் இந்த மாதிரி உயிர்களும் அட்டைப்பெட்டியில் ஏறி வருகின்றன. இதைக் கொண்டுவந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். கோட்டையூர்ப் பக்கம் பழைய வீடு. கூடவே அவனுடைய அப்பத்தாவும் வந்திருந்தார். "ஏன் தம்பி, சுவத்துல ஊர்றது சும்மாவே கெடைக்குது. இதுக்குப் போயி காசு குடுத்துருக்கான். குடுத்ததுதான் குடுத்தான், திங்கிறதையாவது வாங்கியிருக்கப்படாதா?" என்றார். நியாயமான கேள்விதான்.

இரண்டு வாரம் சாப்பிடாதது தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. இடம் மாறிய கெக்கோ ஒரு வாரமோ இரண்டு வாரமோ வாயைத் திறக்காமல் இருப்பது சகஜம். வளர்ந்தது என்றால் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் எட்டு கிராம் குட்டிக்குக் கையிருப்பு குறைவு. அதோடு இந்த இனம் வாலில் கொழுப்பைச் சேர்த்து வைப்பதில்லை. லெப்பர்ட் கெக்கோ என்ற இன்னொரு பல்லி இனத்தின் வால் தடித்திருக்கும், பட்டினி காலத்தில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதற்கு அந்த வசதி கிடையாது.

முன்வரலாறு

பையன் தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்கள்தான் பாதி நோயறிதலைச் செய்து கொடுத்தன. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல். தொட்டிக்குக் கீழே சூடேற்றும் பாய், மேலே ஒரு பல்பு. உள்ளே ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் பாறை. இவ்வளவும் விற்ற கடையில் 'செட்' என்று சேர்த்துக் கொடுத்தது.

அது லெப்பர்ட் கெக்கோவுக்கான செட். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலத்து உயிர் அது. தரையில் நடமாடும், வயிற்றுக்கடியில் சூடு கேட்கும். கிரெஸ்டட் கெக்கோ வேறு உலகம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா என்ற தீவுதான் அதன் ஊர். மழைக்காட்டுச் செடி கொடிகளில் இரவில் ஏறித் திரிவது. 1866-ல் அறிவியல் பெயர் பெற்று, பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த இனம். 1994-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று உலகமெங்கும் வீடுகளில் இருப்பவை வளர்ப்பில் பிறந்து பெருகியவை. அதற்குப் பிடித்த வெப்பம் 22 முதல் 26 டிகிரி. 28-க்கு மேல் போனால் சோர்ந்துவிடும். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஏப்ரல், மே மாதங்களில் காரைக்குடி வெயில் 38, 40 என்று போவது எல்லோருக்கும் தெரியும். தொட்டி இருந்த இடமோ மொட்டைமாடியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறை. பகலில் பல்பைப் போடவில்லை, "வெயிலே போதும்னு நிறுத்திட்டேன் டாக்டர்" என்றான் பையன். குட்டி உயிரோடு என் மேசைக்கு வந்து சேர்ந்ததற்கு அந்த ஒரு முடிவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மற்றவை: தினமும் இரவு வெளியே எடுத்துத் தோளில் விட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் தெளிப்பது கிடையாது. உணவாக வைத்தது மாம்பழத் துண்டு, வாழைப்பழம், வீட்டில் பிடித்த கரப்பான். கடைசியாக, யாரோ சொன்னார்கள் என்று சிரிஞ்சில் குளூக்கோஸ் தண்ணீரை வாய்க்குள் விட முயன்றிருக்கிறார்கள்.

பரிசோதனை

இந்தக் குட்டிகளைப் பிடிக்கக் கூடாது, நடக்க விட வேண்டும். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு அதுவே தாவும். வாலைப் பிடித்தால் அறுத்துக்கொண்டு ஓடும். நம் வீட்டுப் பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும், கிரெஸ்டட்டுக்கு முளைக்காது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன்.

கண்கள் லேசாக உள்வாங்கியிருந்தன. விலாப் பக்கத்துத் தோல் தொளதொளவென்று மடிந்து நின்றது. இடுப்பெலும்பு தெரிந்தது. ஈரப் பஞ்சால் உதட்டோரம் தொட்டதும் வாயைத் திறந்தது, உள்ளே எச்சில் நூல் நூலாக இழுத்தது. நீர்ச்சத்துக் குறைவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. வாய்க்குள் புண், சீழ் இல்லை. தாடை உறுதியாக இருந்தது. முதுகும் வாலும் நேராக இருந்தன. அதனால் கால்சியம் குறைந்து எலும்பு மெலியும் நோய் இன்னும் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னங்காலில்தான் கவனிக்க வேண்டியது இருந்தது. இரண்டு விரல்களின் நுனியில், உரிந்தும் கழலாத பழைய தோல் வளையமாக இறுகியிருந்தது. காற்றில் ஈரம் போதவில்லை என்றால் இப்படித்தான் ஆகும். விட்டுவிட்டால் வளையம் இறுகி இறுகி, ரத்தம் ஓடாமல் விரல் நுனி கருகி விழும். ஒட்டிக்கொள்ளும் மெத்தை அந்த நுனியில்தான் இருக்கிறது. கண்ணாடியில் ஏறும்போது வழுக்குகிறது என்று பையன் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

மணல் விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகத்தில் வயிற்றுக்கு அடியில் பென் டார்ச் பிடித்துப் பார்த்தேன். இந்த அளவுக் குட்டியின் வயிற்றுத் தோல் வழியே வெளிச்சம் ஓரளவு ஊடுருவும். கெட்டியாக அடைத்துக்கொண்டது போல ஒன்றும் தெரியவில்லை. எக்ஸ்ரே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மதுரை வரை இந்த வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவது எக்ஸ்ரே தரும் பலனைவிடப் பெரிய தொல்லை. மலம் கிடைத்தால் புழு, ஒட்டுண்ணி பார்க்கலாம். சாப்பிடாத குட்டியிடம் மலம் ஏது?

மிச்சம் நின்ற காரணங்கள் மூன்று. சூடு, நீர்ச்சத்துக் குறைவு, ஓயாத தொந்தரவு. மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சூடான உடம்பு தண்ணீரை இழக்கும், தண்ணீர் இழந்த உடம்புக்குப் பசி எடுக்காது. பகலெல்லாம் தூங்க வேண்டியது வெளிச்சத்தில் கிடந்து, இரவில் இரை தேட வேண்டிய நேரத்தில் மனிதத் தோளில் உட்கார்ந்திருந்தால் எப்போதுதான் சாப்பிடும்? ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் எந்த அறை என்று கேட்டேன். இந்த ஊரில் கோடையில் கெக்கோ சாப்பிடவில்லை என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி இனி இதுதான்.

அறை தேடியது

ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியைக் கொடுத்தனுப்பி, மதியம் மூன்று மணிக்கு வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் வைத்துப் படித்து எழுதச் சொன்னேன். அடுத்த நாள் பையன் அனுப்பிய பட்டியல் சுவையானது. மாடி அறை 36. முகப்பு 34. பட்டாலை (கூடம்) 32. வளவை (நடு முற்றத்தை) ஒட்டி வடக்குப் பக்கம் உள்ள உள்ளறையில் மேசை உயரத்தில் 31, அதே அறையில் தரையோரம் 29.

செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர் பகல் சூட்டை உள்ளே விடத் தயங்கும். கூரை உயரம், சூடான காற்று மேலே போய், நடுவிலுள்ள திறந்த வளவு வழியாக வெளியேறும். தரையில் ஆத்தங்குடிக் கல், வெறுங்காலில் நின்றாலே சில்லென்று இருக்கும். நம் முன்னோர் கெக்கோவுக்காகக் கட்டவில்லை, ஆனாலும் மாடி அறைக்கும் அந்தத் தரைக்கும் ஏழு டிகிரி வித்தியாசம். இலவசமாகக் கிடைக்கும் ஏழு டிகிரி.

29 போதாது. ஏ.சி. போட்ட படுக்கையறை ஒன்று வீட்டில் இருந்தது, ஆனால் அங்கே ஆள் நடமாட்டம் அதிகம், இரவு விளக்கும் எரியும். அப்பத்தாவே வழி சொன்னார். பரணில் வெட்டிவேர்த் தட்டி சும்மா கிடக்கிறது, சன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்தால் என்ன என்றார். ஏப்ரல் மதியக் காற்று இங்கே வறண்டது, வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தட்டியும், பெட்டியின் வலை மூடிமேல் பாதியளவு விரித்த ஈரத் துண்டும் சேர்ந்து பெட்டிக்குள் 27-க்கும் 28-க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தின. குட்டிக்குத் தேவைப்பட்ட ஈரப்பதமும் கூடவே வந்தது. முழுவதும் மூடக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் பூஞ்சை வரும்.

அந்த அறையில் பழைய பெட்டகம் ஒன்று இருந்தது, பட்டுப் புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை. அதை அறையை விட்டே எடுக்கச் சொன்னேன். கொசுவர்த்தி, கரப்பான் மருந்து, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை எல்லாவற்றுக்கும் அந்த அறை விலக்கு. இவ்வளவு சின்ன நுரையீரலுக்கு நமக்குப் பழகிப்போன வாசனைகூட அதிகம்தான்.

பெட்டி, தண்ணீர், கால்விரல்

கண்ணாடித் தொட்டியை ஒதுக்கிவைத்தோம். சின்னக் குட்டிக்குப் பெரிய வெட்டவெளி பயம் தரும், இரை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. வலை மூடியும் காற்றுத் துளையும் உள்ள நடுத்தர பிளாஸ்டிக் டப்பா, அடியில் டிஷ்யூ காகிதம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு குச்சி, நிறைய பிளாஸ்டிக் இலைகள், ஒளிந்துகொள்ள வாய் உடைந்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. அவ்வளவுதான். டிஷ்யூ காகிதம் அழகாக இருக்காது, ஆனால் எச்சம் விழுந்தால் உடனே கண்ணில் படும்.

மாலை விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை, கைத்தெளிப்பானால் இலைகள்மேல் தண்ணீர். இது கிண்ணத்தில் குடிக்கப் பழகியது அல்ல, இலையில் நிற்கும் துளியை நக்கும். முதல் நாள் மாலையே தெளித்த கொஞ்ச நேரத்தில் நக்கியதாகப் பையன் எழுதியிருந்தான். கண் உள்வாங்கியிருந்தது சில நாளில் சரியாயிற்று. அதற்குக் கண்ணிமையும் கிடையாது, தூசு பட்டால் தன் கண்ணைத் தானே நாக்கால் துடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து எனக்கு வீடியோ அனுப்பினார்கள்.

விரல் வளையத்துக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை ஒரு சின்ன டப்பாவில் விரித்து, அதில் கால் மணி நேரம் விட்டு, பிறகு ஈரமான காது பஞ்சுக் குச்சியால் நுனியை நோக்கி மெல்லத் தேய்ப்பது. வரவில்லை என்றால் இழுக்காமல் ஒரு நாள் விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு விரல் எளிதில் கழன்றது, இன்னொன்று படுத்திய பிறகு வந்தது. விரல் இரண்டும் தப்பின. இது ஒன்றைத் தவிர வேறு எதற்கும் குட்டியைத் தொடக் கூடாது என்று தடை போட்டேன். பையன் முகம் வாடியது.

உணவு

பழம் மட்டும் வைத்து இதை வளர்க்க முடியாது. வாழைப்பழத்தில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாம்பழத்திலும் கால்சியம் போதாது. இரண்டு மடங்கு கால்சியத்துக்கு ஒரு மடங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கு தவறினால் நாளடைவில் தாடை வளையும், முதுகு கோணும். இந்த இனத்துக்கென்றே பழப்பொடி, புரதம், கால்சியம், வைட்டமின் சேர்த்த மாவு விற்கிறார்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் வெள்ளைப் பணியார மாவுப் பதத்துக்கு வரும். அதற்கு மேல் நீர்த்தால் நக்குவதற்கு ஒன்றும் இருக்காது. பாட்டில் மூடி ஒன்றில் அரை மூடி அளவு, தரையில் அல்ல, குச்சி உயரத்தில் ஒட்டி வைக்க வேண்டும். இரவில் வைத்து, காலையில் எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த ஊர்களில் ஒன்றரை நாள்வரை வைப்பார்கள், இந்த வெயிலில் விடிந்தாலே புளித்துவிடும்.

வீட்டுக் கரப்பானை நிறுத்தச் சொன்னேன். எந்த வீட்டில் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ! வளர்ப்பில் கிடைக்கும் சின்னச் சிள்வண்டு நல்லது, ஆனால் கோடையில் கூரியரில் வந்தால் பாதி செத்துத்தான் வரும். ஆகவே கோடை முடியும் வரை மாவே போதும் என்று வைத்தோம். உயிருள்ள பூச்சி கொடுக்கும்போது இரண்டு விதி: குட்டியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது, தின்னாமல் மிச்சமானதை இரவு முழுக்க உள்ளே விடக் கூடாது. பசித்த பூச்சி தூங்கும் கெக்கோவைக் கடிக்கும்.

இனிப்பு மாவு என்றால் எறும்பு வரும், செட்டிநாட்டு வீட்டில் கேட்கவே வேண்டாம். டப்பாவை ஒரு அடி உயர முக்காலியில் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினார்கள். அடுப்படியில் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வதுதான். சிற்றெறும்புக் கூட்டம் இவ்வளவு சின்னக் குட்டியைக் கொன்றேவிடும் என்பதால் இதை நான் அலங்கார வேலையாக நினைக்கவில்லை.

வாயைப் பிளந்து ஊட்டுவது கூடாது. அதற்குப் பதில், இரண்டு நாளுக்கு ஒரு தடவை, மாவில் ஒரு சொட்டை மூக்கு நுனியிலோ உதட்டிலோ தொட்டுவைத்தால் போதும். ஒட்டியதைத் துடைக்க நக்கும், நக்கினால் சுவை தெரியும். தெரிந்த பிறகு தானே தேடும். முதல் இரண்டு தடவை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விட்டுவிடச் சொன்னேன்.

எடைதான் சாட்சி

இரவில் சாப்பிடும் உயிர், ஆள் பார்த்தால் சாப்பிடாது. மூடி காலியாகும் அளவுக்கும் தின்னாது. ஆகவே "சாப்பிட்டதா?" என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சமையல் தராசும் உதவாது, ஒரு கிராமுக்குக் கீழே அது பொய் சொல்லும். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கச் சொன்னேன், புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம்வரை காட்டினால் போதும். குட்டியை ஒரு சின்ன டப்பாவில் ஏற விட்டு எடை பார்த்து, டப்பாவின் எடையைக் கழித்துவிடலாம், குட்டியைத் தொட வேண்டியதே இல்லை. நாலைந்து நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

முதல் வாரக் கடைசியில் 8.1. அப்பத்தா வீட்டிலிருந்து பேசினார்: "தம்பி, அது கொறையுதே." பயப்படவேண்டிய எல்லை பத்து சதவீதம், அதாவது 7.5-க்குப் பக்கம் போனால் அழையுங்கள், அதுவரை பெட்டியைத் திறக்காதீர்கள் என்றேன். அடுத்த வாரத்தில் ஒரு காலை, பையன் படம் அனுப்பினான். மூடியிலிருந்த மாவின் மேற்பரப்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம், நாக்குப் பட்ட தடம். இரண்டு நாள் கழித்து டிஷ்யூவில் கறுப்பாக ஒரு எச்சம், நுனியில் வெள்ளை. வெள்ளைப் பகுதி சிறுநீர் உப்பு, நன்றாக நீர் குடித்த குட்டியில் மிருதுவாக இருக்கும், காய்ந்த குட்டியில் சுண்ணாம்புக் கட்டியாக இருக்கும். இது மிருது. நுண்ணோக்கியில் பார்த்தேன், மருந்து கொடுக்க வேண்டிய எதுவும் இல்லை. எடை 8.3. மே முடிவில் 9.6.

நடுவில் ஒரு சறுக்கல். பங்காளிகளெல்லாம் கூடி முன்னோருக்குப் படையலிடும் படைப்பு. வீடு நிறைய ஆள், பிள்ளைகள். விலைக்கு வாங்கிய பல்லியைப் பார்க்க ஆளாளுக்கு வந்து துண்டைத் தூக்கியிருக்கிறார்கள். பல்லி விழும் பலன் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு, தலையில் கண்ணிமை மயிர் வரிசை போல முள் வைத்த ஒன்றைக் காண ஆசை இருக்காதா என்ன. நாலைந்து நாள் மாவில் தடமே இல்லை, 9.6 என்பது 9.2 ஆனது. ஒன்றும் செய்யவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை அப்பத்தா இடுப்பில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான் சிகிச்சை. அடுத்த வாரமே பழையபடி தின்றது.

இப்போதைய நிலை

ஆகஸ்டில் 14 கிராம். சிள்வண்டைக் கால்சியம் பொடியில் புரட்டி வாரம் ஒருமுறை கொடுக்கிறார்கள். பழைய கண்ணாடித் தொட்டியை மணல் நீக்கி, நெட்டுக்குத்தலாக நிமிர்த்தி, வலைக் கதவு வைத்து, செடி போட்டு அதில் மாற்றியாகிவிட்டது. மரமேறி உயிருக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். மாற்றிய வாரத்தில் மறுபடி கொஞ்சம் சாப்பாடு குறைந்தது, எதிர்பார்த்ததுதான். கையில் எடுப்பதற்கு மாலையில் ஐந்து நிமிடம் அனுமதி கொடுத்திருக்கிறேன், எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன எல்லாம் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும், தொட்டியின் கிண்ணங்களை அடுப்படித் தொட்டியில் கழுவக் கூடாது.

வாங்கிய பில்லைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். நம் நாட்டுப் பல்லி இனங்களில் பொன்பல்லி போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. காட்டில் பிடித்து விற்பதை வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளி. வெளிநாட்டு உயிர் என்றால் வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்குவதும், பதிவு தேவைப்படும் இனமா என்று வனத்துறையில் விசாரித்துக்கொள்வதும் நல்லது.

அடுத்த கோடைக்கு ஒரு ஏற்பாடு பாக்கி இருந்தது: மதிய நேரத்தில் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லாத நாள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஃபிரீசரில் உறைய வைத்து, துணியில் சுற்றி, தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு மூலையோடு சாய்த்து வைக்க வேண்டும். உள்ளே வைக்கக் கூடாது, குட்டி போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் வேண்டியபோது அது அங்கே போகும், வேண்டாதபோது நகர்ந்துவிடும். மின்வெட்டு நாளைக்கும் இதேதான். ஃபிரீசரில் இடம் வேண்டுமே என்று பையன் இழுத்தான். மேல் தட்டைக் காலி செய்து தருவதாக அப்பத்தா ஒப்புக்கொண்டிருக்கிறார்.